எந்தப் பக்கம் உள்ளே

எதினால்வா வாட்ச்மேன் கூண்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் ஸ்பிரிட் பாட்டில், மறு கையில் கிழிந்த பனியன் துணி. பீச்சினாள், தேய்த்தாள், வாயால் ஊதி மறுபடியும் தேய்த்தாள். அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் பல வருஷமாக அவள்தான் துப்புரவு வேலை பார்க்கிறாள். தரை, லிஃப்ட் பொத்தான், கைப்பிடி எதுவானாலும் அவளிடம் ஒரே மருந்து ஸ்பிரிட்தான்.

ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் கணவனின் மதியச் சாப்பாட்டோடு தெருவைக் கடந்து வந்த ஜுரேமா நடைபாதையிலேயே நின்றுவிட்டாள்.

"எதினால்வா, அந்தக் கண்ணாடிக்கு ஸ்பிரிட்டா போடுற?"

"பின்ன என்ன, சர்ச்சுத் தீர்த்தமா தெளிப்பாங்க?"

"எத்தனை நாளா?"

"மாட்டின நாள்லேருந்து. ரெண்டு மாசமாச்சு. என்ன தேய்ச்சாலும் மங்கலாவே இருக்கு. அவ்வளவு காசு வாங்கிட்டு அழுக்குக் கண்ணாடியத் தலையில கட்டியிருக்கானுங்க."

ஜுரேமா டப்பாவை இடுக்கிக்கொண்டு கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சாவோ பாவ்லோவில் ஜூன் மாதம் குளிர்காலம். கண்ணாடி என்றால் கைக்குச் சில்லென்று இருக்க வேண்டும். அப்படி இல்லை. நகத்தால் தட்டினாள். வாளியைத் தட்டினதுபோல் மொத்தென்று கேட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த மங்கல் அழுக்கே இல்லை, மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. கீழ் மூலையில் பொறித்திருந்த முத்திரை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நேராகத் தெரிய வேண்டும். அது இடவலம் மாறித் தெரிந்தது.

அந்த முத்திரையைப் பொறித்தது அவள் கைதான்.

வீலா புருதென்ச்சி பகுதியில், கார்களுக்கும் காவல் கூண்டுகளுக்கும் குண்டு தாங்கும் கவசம் போடும் பட்டறையில் ஜுரேமாவுக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். வடக்கே பயியா மாநிலத்திலிருந்து பத்தொன்பது வயதில் பஸ் ஏறி வந்தவள், பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டினாள், ஒரு பல் டாக்டர் வீட்டில் துணி தேய்த்தாள், கடைசியில் இங்கே வந்து ஒட்டிக்கொண்டாள். வருகிற ஒவ்வொரு கண்ணாடியையும் சோப்புத் தண்ணீரில் கழுவுவாள். விளக்குக்கு எதிரே நிறுத்தி, உள்ளே குமிழ் இருக்கிறதா, ஓரம் பால்போல வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பாள். மூலையில் முத்திரை பொறித்து, கண்ணாடியோடு போகிற தாளை நிரப்புவாள்.

அந்தத் தாளில் 'குண்டு துளைக்காத கண்ணாடி' என்று ஒருநாளும் அவள் எழுதியதில்லை. அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்பாள். எந்தக் குண்டு, எத்தனை குண்டு, எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்பாள். விற்பனை ஆட்கள் யாராவது வாய் தவறி அவள் காதுபட அந்தப் பெயரைச் சொன்னால், சோற்றில் முடி கிடந்ததுபோல முகம் கோணிப்போகும்.

காரணம் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோழி வியாபாரி வண்டி வாங்கிப் போனார். எந்தக் குண்டும் துளைக்காது என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். அந்தக் கண்ணாடி கைத்துப்பாக்கிக்குத்தான் தாங்கும். நெடுஞ்சாலையில் ரைபிளோடு மறித்தவர்களைப் பார்த்து அவர் பயப்படவே இல்லை, சிரித்தார் என்று பக்கத்தில் இருந்த மச்சினன் பிறகு சொன்னான். வண்டி பட்டறைக்குத் திரும்பி வந்தபோது மிச்சக் கண்ணாடிகளை உள்பக்கமாகக் கழுவியவள் ஜுரேமாதான். மூன்று வாளித் தண்ணீர் மாற்றினாள். அன்றிலிருந்து கோழி தின்பதில்லை.

கார்க் கண்ணாடி வளைந்திருக்கும், திருப்பி மாட்ட முடியாது. கூண்டுக் கண்ணாடி தட்டை. அதனால் இந்தத் தப்பு கூண்டில்தான் நடக்கும். கண்ணாடி அடுக்குகள் வெளியே பார்க்க வேண்டும், பிளாஸ்டிக் அடுக்கு உள்ளே. குண்டைக் கண்ணாடி உடைந்து வாங்கிக்கொள்ளும். உடைந்த சில்லு உள்ளே பறக்காமல் பிளாஸ்டிக் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிளாஸ்டிக்கில் ஸ்பிரிட் பட்டால் வெடித்துப் பாழாகும். திருப்பி மாட்டினால், குண்டு நின்றாலும் சில்லு நிற்காது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் முகத்துக்குத்தான் வரும்.

உள்ளே உட்கார்ந்திருந்தவன் அவள் புருஷன் கில்வான்.

"வா கிழவி, இன்னிக்கும் பீன்ஸ்தானா?" என்று டப்பாவுக்குக் கை நீட்டினான்.

"எந்திரி அந்த நாற்காலியிலேருந்து."

"ஏன், மூட்டைப்பூச்சியா?"

"கண்ணாடியத் திருப்பி மாட்டியிருக்கானுங்க. எங்க பட்டறை ஆளுங்கதான், நாசமாப் போறவனுங்க. பக்கத்துத் தெருக் கூண்டுல ஒருத்தன் பைக்குல வந்து சுட்டான்ல? அதே மாதிரி இங்க சுட்டா குண்டு நின்னுடும். உன் ரெண்டு கண்ணும் போயிடும்."

அதற்குள் டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டிருந்த கில்வான் மெல்லுவதை நிறுத்தினான். கண்ணாடியைப் பார்த்தான். பிறகு மறுபடி மெல்ல ஆரம்பித்தான்.

"பென்ஷனுக்கு இன்னும் மூணு வருஷந்தான் இருக்கு. நீ கட்டடத் தலைவி தோனா லீஜியாம்மாகிட்டப் போய் எதையாவது உளறி வெக்காத."

"அப்ப நாற்காலிய ஓரமாப் போட்டுக்கோ."

"ஓரமாப் போட்டா கேட்டு தெரியாது. கேட்டப் பாக்காத வாட்ச்மேன எதுக்கு வெச்சிருப்பாங்க, அழகுக்கா?"

அவன் தலைக்கு மேலே சுவரில் ஒரு தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அவள் நிரப்பி அனுப்பிய தாள்தான். அவள் எழுதிய நாலு வரி அதில் இல்லை. கைத்துப்பாக்கிக்கு மட்டும் தாங்கும், ரைபிளுக்குத் தாங்காது, பிளாஸ்டிக் பக்கம் உள்ளே, ஸ்பிரிட் கூடாது என்ற நாலு வரி. அந்த இடத்தில் கொட்டை எழுத்தில் 'குண்டு துளைக்காத கண்ணாடி' என்று அடித்திருந்தது. கீழே, சோதித்தவர்: ஜுரேமா அல்வரெங்கா. அவளுடைய கையெழுத்தை மட்டும் பத்திரமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

தன் ஜட்டியை யாரோ தெருவில் காயப்போட்டதுபோல அவளுக்குக் கூசியது.

திங்கட்கிழமை காலை முதலாளி தார்சிசியோ மேஜையில் சீஸ் பன் தின்றுகொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுதும் கேட்டார். மாட்டப் போன ஆளைக் கூப்பிட்டு விசாரித்தார். பிளாஸ்டிக் பக்கத்தில் ஒட்டி வரும் நீலப் படலம் வழியில் மழையில் உரிந்துவிட்டதாம். முத்திரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யார் குனிந்து பார்ப்பது?

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்று விரலை நக்கினார் தார்சிசியோ. "இப்ப கழட்டினா சுவரப் பேக்கணும். ஸ்பிரிட்டுல அது வேற பாழாயிடுச்சு, புதுசுதான் போடணும். தோனா லீஜியாவுக்கு இதெல்லாம் தெரியாது. எழுத்து மாறித் தெரியுதுன்னு மட்டும் போன் பண்ணினாங்க. எழுத்த நேராக்கிடலாம்."

"எழுத்தயா?"

அவர் இழுப்பறையிலிருந்து முத்திரை பொறிக்கும் அச்சுத் தகட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். தகட்டில் அவர் விரலின் வெண்ணெய் ஒட்டியிருந்தது.

"உள்பக்கம் இருக்கறதத் தேய்ச்சு எடுத்துடு. வெளிப்பக்கத்துல புதுசாப் பொறிச்சிடு. அரைமணி நேர வேலை."

"அங்க உக்காந்திருக்கறது என் வீட்டுக்காரர் சார்."

"தெரியும்மா. அதனாலதான் உன்ன அனுப்பறேன். உன்ன யாரு சந்தேகப்படுவா?"

ஜுரேமா அந்தத் தகட்டைத் தொடவில்லை. அவர் வாய் ஓரத்தில் ஒட்டியிருந்த பன் துணுக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது அவர் பேசும்போது மேலும் கீழும் போயிற்று. இந்த ஆள் தன் மகளின் கல்யாணத்தில் அவளை முதல் வரிசையில் உட்காரவைத்தவர். அவர் கையால் கேக் வாங்கித் தின்றதை நினைத்தபோது எச்சிலை விழுங்கப் பிடிக்கவில்லை.

பதினொரு மணிக்கு லீஜியா வந்தார். கட்டடத்துக்குத் தலைவி, நரைத்த முடியைக் கத்தரித்துவிட்ட, எதற்கும் ரசீது கேட்கிற பெண்மணி. வெள்ளிக்கிழமை குடியிருப்போர் கூட்டமாம். அதற்குப் புதுத் தாள் ஒன்று வேண்டும், கண்ணாடி சரியாக இருக்கிறது என்று.

"ஜுரேமாவே எழுதித் தருவா," என்றார் தார்சிசியோ. "இவ வீட்டுக்காரரே அந்தக் கூண்டுலதான் உக்காந்திருக்கார் தோனா லீஜியா. இதவிட என்ன உத்தரவாதம் வேணும்?"

"அப்படியா!" என்று லீஜியா சிரித்தார். "அப்ப எனக்குக் கவலையே இல்ல."

ஜுரேமா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வெள்ளைத் தாள் ஒன்று எடுத்தாள். தாளை நிரப்பும் அதே நிதானத்தோடு, அதே நீலப் பேனாவால் எழுதினாள். கண்ணாடி பக்கம் மாறி மாட்டப்பட்டுள்ளது. பிளாஸ்டிக் பக்கம் வெளியே உள்ளது. அது ஸ்பிரிட்டால் வெடித்துள்ளது. கைத்துப்பாக்கிக் குண்டு பட்டால் உள்ளே இருப்பவர் முகத்தில் கண்ணாடிச் சில்லு தெறிக்கும். ரைபிள் குண்டு துளைத்துக்கொண்டு போகும். மாற்றும்வரை இதன் பின்னால் ஆளை உட்காரவைக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். இந்த முறை வெட்டி எடுக்க முடியாதபடி கையெழுத்தைக் கடைசி வரியின் மேலேயே ஏற்றிப் போட்டாள்.

தார்சிசியோ எட்டிப் பார்க்கக் குனிவதற்குள் தாளை லீஜியாவின் கையில் கொடுத்துவிட்டாள்.

லீஜியா படித்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"தோனா லீஜியா, இவளுக்கு வீட்டுல கொஞ்சம் பிரச்சினை..." என்று ஆரம்பித்தார் தார்சிசியோ.

லீஜியா அவரைக் கையமர்த்தினார். கூண்டில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று ஜுரேமா காத்திருந்தாள்.

"இதயெல்லாம் கூட்டத்துல நான் எப்படிப் படிக்கிறது? ஆறு வரி இருக்கு," என்றார் லீஜியா. "எனக்கு ஒரே வார்த்தையில சொல்லுங்க ஜுரேமா. அது குண்டு துளைக்காத கண்ணாடியா, இல்லையா?"

ஜுரேமா பேனாவை மூடினாள். ஆணியில் தொங்கிய கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கில்வான் ஆறு மணியிலிருந்து அந்த நாற்காலியில் இருக்கிறான், கட்டடம் இருக்கிற மொயேமாவுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகும். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.