கேட்டுக்கு வெளியே ஒரு தையல் மெஷின்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டும் பிரயோசனமில்லை. குளிர் அப்படி. பளபளக்கிற கவுனுக்கு மேல் பழைய சுவெட்டரை மாட்டித்தான் பிள்ளைகளைக் கோயிலுக்கு அனுப்புவார்கள். ஒரு வருடம் என் தங்கச்சி சுவெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள்.

அதற்குப் பிறகுதான் அம்மா கவுனுக்கு உள்ளேயே மெத்தென்ற துணி வைத்துத் தைத்துப் பார்த்தார். வெளியே மினுமினுப்பு, உள்ளே கதகதப்பு. தோட்டம் கொடுத்த லைன் வீடுகளில் வரிசையாகக் குடியிருந்த தாய்மார்கள் எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். அம்மா கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதி ஆட்களை மேய்க்கும் கிராணிக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"லைன் வீடு குடியிருக்கக் குடுத்தது. கடை போட இல்ல. மெஷின வெளிய எடு, இல்லாட்டி வீட்டக் காலி பண்ணு."

அப்பா அதே தோட்டத்தில் செடிகளுக்கு மருந்து அடிக்கும் வேலையில் இருந்தார். அம்மாவிடம் கெஞ்சினார். "மன்னிப்பு கேட்டுட்டு கொழுந்துக்கே போயிடு. வீடு போச்சுன்னா பிள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போறது?"

"சட்டை தைச்சதுக்கா மன்னிப்பு? வெளிய எடுக்கத்தானே சொன்னாரு. எடுத்துருவோம் லா."

மறுநாள் காலை அம்மாவும் அப்பாவும் அந்த மிதி மெஷினைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து கேட்டைத் தாண்டினார்கள். அதற்கு அப்பால் பொது ரோடு. ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டி, அதற்கடியில் அம்மா தைக்க உட்கார்ந்தார். கிராணியின் கார் தினமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அம்மா எழுந்து நின்று, "வணக்கங்க கிராணி!" என்று சத்தமாகச் சொல்வார்.

எனக்குத்தான் கஷ்டம். தங்கச்சி ரொம்பச் சின்னவள். அதனால் பெரிய பெண் பிள்ளைகளின் கவுனைப் பையனான என்மேல் மாட்டித்தான் அம்மா அளவு பார்ப்பார். பிள்ளைகளே, சிரிக்காதீர்கள். நடுரோட்டில் ரோஸ் கலர் கவுனோடு நான் நிற்கும்போது ஸ்கூல் பஸ் போகும். "டேய், கல்யாணம் எப்ப லா?" என்று ஜன்னல் முழுக்கத் தலைகள் கத்தும்.

ஆனால் ரோட்டோரம் என்பதால் தானா ராத்தா டவுனுக்குப் போகிறவர்களும் நிறுத்திப் பார்த்தார்கள். காய்கறி லோரிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் தைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த தீபாவளிக்குள் தார்ப்பாய்க்கு அடியில் மூன்று மெஷின்கள். கொழுந்து எடுத்த இரண்டு அத்தைமார்களும் அம்மாவோடு சேர்ந்துவிட்டார்கள்.

அந்த வருடம் கிராணியின் மகளும் கவுனுக்கு அடம்பிடித்தாள். அவர் வீட்டம்மா தயங்கித் தயங்கி வந்தார். அம்மா மறுக்கவில்லை. "தைச்சுத் தரேங்க. ஆனா வாங்கிக்க ஐயாதான் வரணும்."

தீபாவளிக்கு முதல் நாள் மதியம் கிராணி வந்தார். தூறல். தார்ப்பாய்க்குள் மூன்று மெஷினுக்கே இடம் இருந்ததால் அவர் வெளியே நின்றார்.

"இன்னும் பட்டன் வைக்கலங்க. கொஞ்சம் நில்லுங்க," என்றார் அம்மா.

ஆறே ஆறு பட்டன். வழக்கமாக இரண்டு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் வைத்துவிடுவார். அன்றைக்கு ஊசியில் நூல் கோக்கவே அவருக்கு வரவில்லை. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு ஆட்கள் கூட்டம் கூட்டமாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் நின்று, மழையில் நனைகிற கிராணியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு அவர்மேல் பாவமாகிவிட்டது. ஊசியை வாங்கி நானே நூலைக் கோத்துக் கொடுத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்த நூலை மெதுவாக உருவிப் போட்டுவிட்டு, திரும்பவும் கண்ணைச் சுருக்கி முதலிலிருந்து கோக்க ஆரம்பித்தார்.

அன்றிரவு அப்பாவிடம் நான் ரகசியமாகச் சொன்னேன்: "அம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியலப்பா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."