மச்சானோட கெணத்துக் கயிறு

எங்க வூட்டு பால்கனி ஆணியில ஒரு கயிறு தொங்கிக்கினு கீது. பாத்தா ஒரே கயிறு மாரி தெரியாது. மேல்பக்கம் பழைய தேங்கா நாரு, கருத்துப் போயி கெடக்கும். அதோட முடிச்சி போட்டு இன்னொரு நாரு கயிறு, அது கொஞ்சம் புச்சி. அதுக்கப்புறம் மாடு கட்ற கயிறு. கடைசில கயிறே இல்ல, ஒரு பச்ச பொடவைய முறுக்கி முறுக்கி கட்டினது. மருமவ மாசத்துக்கு ஒரு தபா கேக்கும், "இன்னா மாமா, இது கொடி கட்டவும் ஒதவல, தூக்கிப் போடவும் உடமாட்டேன்றீங்க"ன்னு. எம் பொண்டாட்டியோட அண்ணன், எனக்கு மச்சான் மொற, அவரு கொண்டாந்த கயிறு இது. மெட்ராசுல ஒரு ஆபீசுல காட்டி நாயம் கேக்கணும்னு விருத்தாசலத்துக்கு அந்தாண்ட ஒரு ஊர்லேர்ந்து பைக்குள்ள சுருட்டி எடுத்தாந்தாரு.

நான் அப்போ மந்தவெளியில ஒரு கரி டிப்போவுல மூணு சக்கர சைக்கிள் மிதிச்சிக்கினு இருந்தேன். மரக்கரி இல்ல. சொரங்கத்துலேர்ந்து வர்ற பழுப்புக் கரி. அத்த அரைச்சி, அச்சுல அழுத்தி, சுட்டு, உள்ளங்கையில அடங்குறாப்பல கட்டி கட்டியா மூட்டையில வரும். மயிலாப்பூர், சாந்தோம், ராஜா அண்ணாமலபுரம் எல்லாம் என் லைனு. எந்த வூட்ல இன்னா கொழம்புன்னு வாசல்லயே சொல்லிடுவேன், அப்பிடி ஒரு மூக்கு அப்போ. அரபு நாட்டுக்காரன் எண்ண வெலய ஏத்திட்டான்னு பேப்பர்ல போட்டாங்கோ பாருங்க, அந்த வருசம் ரேசன் கடையில மண்ணெண்ண டின்னுங்க மனுசாள விட நீளமா வரிசையில நின்னுச்சி. ஜனங்க எல்லாம் கரி அடுப்புக்கு வந்துட்டாங்கோ. ஒரு நாளைக்கி பத்து நட பன்னெண்டு நட மிதிப்பேன். கால் தொட ரெண்டும் கல்லு மாரி ஆயிடுச்சி. ஊருக்கே பேஜாரு, எனக்கு மட்டும் நல்ல காலம். அத்த மறைக்கறதுக்கு இன்னா கீது.

அந்தக் கரி வெட்ற குழிதான் மச்சானோட ரெண்டு காணி நெலத்துக்கு பக்கத்துல வந்து நின்னுச்சி. பக்கத்துலதான், உள்ள இல்ல. சிக்கலு அங்கதான் கீது. பங்காளிங்க நெலமெல்லாம் சர்க்காரு போட்ட எல்லக் கல்லுக்கு உள்ள மாட்டிச்சி. பணமும் குடுத்து வூட்டுக்கு ஒரு வேலையும் குடுத்தாங்கோ. காக்கி சட்ட, குவாட்டர்ஸ், பேனு. மச்சான் நெலம் கல்லுக்கு வெளிய. எடுத்துக்கவும் இல்ல, ஆனா தண்ணி போச்சி. குழிக்குள்ள தண்ணி ஊறாம இருக்கணும்னு ராப்பகலா பம்பு வெச்சி எறைச்சிக்கினே இருந்தா சுத்துப்பட்டு கெணத்துல இன்னா நிக்கும்? எம் பொண்டாட்டி சின்னப் பொண்ணா இருக்கச்சே அந்தக் கெணத்துல கயிறே வோணாமாம், குனிஞ்சி சொம்புல மொண்டுக்குமாம். அப்புறம் ஒரு மொழம் எறங்கிச்சி, கயிறு வாங்கினாரு. இன்னும் எறங்கிச்சி, அதுல இன்னொண்ண முடிஞ்சாரு. பயிரு காஞ்சி மாட்ட வித்தாரு, மாட்டுக் கயிறு சும்மாதானே கெடக்குதுன்னு அதயும் முடிஞ்சாரு. கடைசில அவரு பொண்டாட்டி பொடவ.

"ஒண்ணு என் நெலத்த எடுத்துக்கிட்டு பையனுக்கு வேல குடுக்கட்டும். இல்லன்னா தண்ணிய உடட்டும். ரெண்டுல ஒண்ணு கேக்கறன், தப்பா மாப்ள?" வந்து எறங்கின அன்னிக்கி முட்டிய கட்டிக்கினு குந்தி இத்ததான் கேட்டாரு. ஊர்ல மனுவுல கையெழுத்து கேட்டு எல்லார் வூட்டுக்கும் போயிருக்காரு. ஒருத்தனும் போடல. டீக்கட வெச்சிருக்கிறவன், சைக்கிள் கடக்காரன், வாத்தியாரு, எல்லாருக்கும் சோறு அந்தக் குழிலேர்ந்துதான். "அவங்கள குத்தம் சொல்ல மாட்டன். குழிய மூடிட்டா ஊரு பூரா பட்டினி"ன்னு மச்சானே சொல்றாரு. மனுவுல அவரு கைநாட்டு ஒண்ணுதான் இருந்துச்சி.

மெட்ராசுல அப்போ மழ இல்லாம அணையெல்லாம் காஞ்சி கரண்ட் கட்டு வேற. டீக்கடையில வேர்த்து ஊத்திக்கினு குந்திக்கினு இருக்கிறவங்க எல்லாம் அன்னிக்கி மந்திரிங்கதான். "கரி வெட்டுனாத்தான் இனிமே கரண்டு"ன்னு ஒருத்தன். "வெட்டறான் வெட்டறான், வெளக்கெண்ண, இன்னும் வெரசா வெட்டணும்"ன்னு இன்னொருத்தன். மச்சான் ஊரு தெரிஞ்சதும், "இன்னா நைனா, கரிக்கு மேல குந்திக்கினு கீறியே, கொஞ்சம் எந்திரிச்சி நில்லேன், எங்களுக்கு பேனு ஓடட்டும்"ன்னு சிரிச்சாங்கோ. மச்சானும் சேந்து சிரிச்சாரு. நான்தான் பாதி டீய வெச்சிட்டு எந்திரிச்சிட்டேன்.

சாந்தோம்ல எனக்கு ஒரு வாடிக்க வூடு. மாதா கோயில் பக்கத்து சந்துல. சர்க்காரு ஆபீசுல சூப்ரண்டா இருந்து ரிட்டேரு ஆனவரு, கூட அவரு தங்கச்சி, கல்யாணம் கட்டாத டீச்சரம்மா. நெலம் எடுக்குற பைலுங்கதான் அவரு சீட்டுல வரும்னு சொல்லிக் கேட்டிருக்கேன். மச்சான இட்டுக்கினு போயி நிறுத்தினேன். டீச்சரம்மா காப்பி கொணாந்து குடுத்து, "உங்க ஊர் கரியில போட்டதுதான், குடிங்க"ன்னுச்சி. மச்சான் டம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு, "நல்லா எரியுதுங்களா?"ன்னு கேட்டாரு. "பொகை கொஞ்சம் ஜாஸ்தி"ன்னுச்சி டீச்சரம்மா. அவுரு ஏதோ தன் வூட்டுப் புள்ளய கொற சொன்ன மாரி தலைய கவுத்துக்கினாரு.

சூப்ரண்டு மனுவ இங்கிலீசுல புச்சா எழுதினாரு. எழுதி முடிச்சிட்டு கண்ணாடிய கழட்டி வெச்சி சொன்னாரு, "மனு எழுதறது பெருசில்லய்யா. அவன் திருப்பிக் கேப்பான். அங்க நீ நிக்கணும். நான்தான் ஆபீசர்னு வெச்சுக்க. உள்ள வா." அதுலேர்ந்து நாலு நாள், சாயங்காலம் சாயங்காலம், அந்த வராண்டாவுல ஒரு கச்சேரி. மச்சான் வாசப்படியாண்ட செருப்ப உட்டுட்டு, கும்புடு போட்டுக்கினு உள்ள வருவாரு.

"உன் நெலம் எல்லைக்கு உள்ளயா, வெளியயா?"

"வெளிய சார்."

"அப்ப எங்களுக்கும் உனக்கும் சம்பந்தம் இல்ல. அடுத்த ஆள் வரலாம்."

மொத நாளு மச்சான் நெசமாவே திரும்பி வெளிய போயிட்டாரு. டீச்சரம்மா உள்ளேர்ந்து சிரிச்சிடுச்சி. மறுநாளு மச்சான் யோசிச்சிக்கினு வந்து, "தண்ணி எல்லக் கல்ல பாத்தா ஓடுது சார்?"ன்னாரு. சூப்ரண்டு சேர் கைய பட்டுன்னு தட்டினாரு. "இது பாயிண்ட்!" அப்புறம் மொகத்த மாத்திக்கினு, "மழை இல்ல, மெட்ராஸ்லயும்தான் கெணறு வத்திப் போச்சு. எங்க பம்பாலதான்னு என்ன அத்தாட்சி?"ன்னாரு. மச்சான் பையத் தொறந்து கயித்த எடுத்து தரையில நீட்டினாரு. வராண்டா பத்தாம முற்றம் வரிக்கும் போச்சி. ஒவ்வொரு முடிச்சியும் எந்த வருசம், அன்னிக்கி பம்பு எத்தினி ஓடிச்சின்னு சொன்னாரு. சூப்ரண்டு குனிஞ்சி அந்த பொடவத் துண்ட தொட்டுப் பாத்தாரு.

ஆனா கடைசில ஒரு எடம் வரும். "பம்ப நிறுத்தினா குழி ரொம்பும். குழி ரொம்பினா கரி இல்ல. கரி இல்லன்னா கரண்ட் இல்ல. ஆஸ்பத்திரியில ஆபரேசன் நடக்கும்போது வெளக்கு போகும். உன் ஒருத்தன் கெணத்துக்காக ஆஸ்பத்திரிய இருட்டாக்கணுமா?" அங்கதான் மச்சான் தோத்துப் பூடுவாரு. "வேணாம் சார்"ம்பாரு.

"வேணாம்னு சொல்லக் கூடாதுய்யா!" சூப்ரண்டு கத்துவாரு. "வேற எதாவது சொல்லு!"

"ஆஸ்பத்திரி வேணும்ல சார்."

மிச்ச மூணு நாளும் அதே எடத்துல அதே மாரி. வேற இன்னா சொல்லணும்னு ஒருநாள் நான் சூப்ரண்டயே கேட்டேன். அவரு தெருவ பாத்துக்கினு, "தெரியல. இருபது வருசமா நான் அந்தப் பக்கத்து சேர்லதான் ஒக்காந்திருந்தேன். எம்முன்னால நின்னவன் எவனும் அதுக்கு பதில் சொன்னதில்ல"ன்னாரு. கூட வாங்க சார்னு கேட்டதுக்கு, "அங்க இருக்கறவன்லாம் எங்கிட்ட வேல கத்துக்கிட்டவன், மொகம் காட்ட முடியாது"ன்னுட்டாரு.

நான்தான் இட்டுக்கினு போனேன். வண்டிய டிப்போவுல உட்டுட்டு, பஸ்ஸு புடிச்சி. மச்சான் வழி பூரா வாய்க்குள்ள சொல்லிக்கினே வந்தாரு. பெஞ்சியில மத்தியானம் வரிக்கும் குந்திக்கினு இருந்தோம். கூப்டாங்கோ. சீட்டுல இருந்தவன் சின்ன வயசு. மனுவ வாங்கி, படிக்காமலே டக்குன்னு சீல குத்தி, கூடையில போட்டான். "பதில் வரும். போலாம்."

மச்சான் நகரல. "சார், ஒண்ணும் கேக்கலியே?"

"கேக்கறதுக்கு இன்னாய்யா இருக்குது?"

"தண்ணி எல்லக் கல்ல பாத்து ஓடாது சார்"ன்னாரு மச்சான். வேர்வ வழியுது. "மழ இல்லன்னு சொல்வீங்க, ஆனா..." "யாருய்யா உன்ன கேட்டா?"ன்னான் அவன். மச்சான் உடல. பைக்குள்ள கைய உட்டு கயித்த உருவினாரு. அம்புட்டுத்தான். பக்கத்து சீட்டு அம்மா கத்திடுச்சி. "கயிறு எடுத்தாந்து தூக்கு மாட்டிக்கப் போறேன்னு மெரட்றியா?"ன்னு அவன் எந்திரிச்சி நிக்க, பியூன் வந்து ரெண்டு பேர் கையயும் புடிச்சி படிக்கட்டு வரிக்கும் தள்ளிக்கினு வந்துட்டான். இது கெணத்துக் கயிறுப்பா, அளந்து பாக்கறதுக்குப்பான்னு நான் சொல்லிக்கினே எறங்குனேன். யாரு காதுல உழுந்துச்சி. வெளிய வந்து கடல் காத்துல நின்னோம். மச்சான் கயித்த முழங்கையில சுத்திக்கினே சொன்னாரு: "ஆஸ்பத்திரி பத்தி கேட்டிருந்தா கூட தோத்துட்டுப் போயிருப்பன் மாப்ள. கேக்கவே இல்லியே."

அன்னிக்கி ஊருக்கு கெளம்பச்சே கயித்த எங்க வூட்லயே உட்டுட்டாரு. எடுத்துக்கினு போ மச்சான்னேன். "வெச்சிக்க. அங்க இது இனிமே எட்டாது"ன்னாரு.

நாலு மாசங்கழிச்சி பதில் எங்க விலாசத்துக்கு வந்துச்சி. இங்கிலீசு. சாந்தோம் நட போகச்சே மூட்டைய எறக்கி வெச்சிட்டு சூப்ரண்டுகிட்ட நீட்டினேன். ரெண்டே வரி. படிச்சாரு. திரும்பப் படிச்சாரு. டீச்சரம்மா வந்து எட்டிப் பாத்து, "என்னண்ணே?"ன்னுச்சி. "நெலம் எல்லைக்கு வெளிய இருக்கறதால பரிசீலிக்க எடமில்லன்னு போட்டிருக்கான்." அப்புறம் மெதுவா, "இது என் வரி. நான் சீட்டுல இருக்கும்போது எழுதிக் குடுத்தது. ஒரு எழுத்து மாத்தல"ன்னாரு. இனிமே அந்தக் கரி வோணாம்னு தங்கச்சிகிட்ட சொன்னாரு. "மண்ணெண்ண எங்க கெடைக்குது? சோறு எதுல ஆக்க?"ன்னு அது கேட்டுச்சி. அடுத்த மாசமும் ரெண்டு மூட்ட போட்டேன்.

மச்சான் கடைசில ஒரு காண்ட்ராக்டருகிட்ட கூலிக்கி சேந்தாரு. அதே குழியில, தண்ணி எறைக்கிற எடத்துல பைப்பு தூக்குற வேல. பொங்கலுக்கு வந்தப்போ, "என் தண்ணிய நானே எறைக்கிறன் மாப்ள, அதுக்கு கூலி வேற குடுக்கறான்"ன்னு சொல்லி பல்லு தெரிய சிரிச்சாரு. எம் பொண்டாட்டி சிரிக்கல, எந்திரிச்சி அடுப்பாண்ட போயிடுச்சி. அடுப்புல அந்தக் கரிதான் எரிஞ்சிக்கினு இருந்துச்சி. மச்சானும் போயி சேந்துட்டாரு, சூப்ரண்டும் போயிட்டாரு, எம் பொண்டாட்டியும் போயிடுச்சி. அந்தக் கெணத்த நான் ஒரு தபா கூட கண்ணால பாத்ததில்ல. போலாம் போலாம்னே வருசம் ஓடிப்போச்சி.

இப்போ நாங்க பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி. போன வெயில்ல ஒருநாள் காலையில, மருமவ கடைக்குப் போயிருந்துச்சி, எனக்கு இன்னா தோணிச்சோ, கயித்த ஆணிலேர்ந்து எடுத்து பால்கனி கம்பில ஒரு முனைய கட்டிட்டு கீழ உட்டேன். பழைய நாரு கயிறு எங்க தளத்தக் கூட தாண்டல. ரெண்டாவது முடிச்சி ரெண்டாவது மாடி சன்னலாண்ட. மாட்டுக் கயிறு மொத மாடிய தாண்டிச்சி. பொடவ கீழ் வூட்டு ஏசி பொட்டி பக்கத்துல போயி, தரையில உழுந்து, இன்னும் மீதி சுருண்டு கெடந்துச்சி. அன்னிக்கி வராண்டாவுல படுக்க வெச்சிதானே பாத்தேன். அந்த ஆழத்த நிமுத்தி நிறுத்திப் பாக்க எனக்கு அம்பது வருசம் ஆயிடுச்சி.

கீழ் வூட்டுப் பொண்ணு வெளிய வந்து அண்ணாந்து பாத்துச்சி. "இன்னா தாத்தா, இன்னாத்த உடறீங்க?" ஏசி உர்ருன்னு ஓடிக்கினு கீது. ஒண்ணுமில்லம்மா, வெயில்ல காயட்டும்னு போட்டேன்னேன். அப்புறம் இழுத்தேன். பானையும் இல்ல, தண்ணியும் இல்ல, வெறுங்கயிறு. பாதி ஏத்தறதுக்குள்ள கை ரெண்டும் உட்டுப்போச்சி.