தொட்டி வாயில் நின்றவர்

சாய ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூடி என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்களுக்கு மூடி அண்ணன். கழிவுநீர்த் தொட்டியின் இரும்பு மூடியைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. அவர் தலையாட்டாமல் ஒரு ஈ உள்ளே போக முடியாது. "வீட்டுல சோத்துப்பானையத் திறக்கவும் அக்கா உங்ககிட்ட அனுமதி கேக்கணுமாண்ணே?" என்று கிண்டல் செய்வார்கள். "உன் வாய்க்கும் ஒரு மூடி செஞ்சு வச்சிருக்கேன், கிட்ட வாடா" என்பார் இவர்.

சிரிப்பெல்லாம் மேலோடு சரி. அந்த வேலை எப்படி வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் அதே தொட்டியில் சேறு அள்ள இறங்கிய ஒருவன் மயங்கி விழுந்தான். ஐயோ என்று அவனைத் தூக்க இன்னொருவன் இறங்கினான். அவனையும் காணோமே என்று மூன்றாவது ஆள். மூன்று பேரும் ஒரே குழியில் போய்ச் சேர்ந்தார்கள். சாயச் சேறு அடியில் அழுகி விஷக்காற்று கட்டிக்கொள்ளும். முதலில் கெட்டுப்போன முட்டை மாதிரி குடலைப் பிடுங்கும். காற்றின் வீரியம் கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. நாற்றம் விட்டது என்று மனுஷன் நிம்மதியாகக் காலை வைப்பான், பாவி.

நிர்வாகம் 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் கையைக் கழுவப் பார்த்தது. சங்கம் விடவில்லை. சங்கம் என்றால் கொடியைப் பிடித்துக்கொண்டு கத்துகிற கூட்டம் என்று நினைக்கிற மகராசர்கள் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வேலையை நிறுத்தி, மழையிலும் வெயிலிலும் ஆலை வாசலில் உட்கார்ந்து, கடைசியில் நிர்வாகத்தைப் பேச வர வைத்தார்கள். காற்று ஊதும் புளோயர் வந்தது. காற்றைச் சோதிக்கும் கருவி, இடுப்புக் கயிறு, சிலிண்டர் காற்றில் மூச்சு விடும் மாஸ்க் எல்லாம் வந்தன. தொட்டி வாயில் எப்போதும் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று ஆனது. அந்த ஆளுக்கு ஒரே கட்டளை: உள்ளே என்ன நடந்தாலும் நீ இறங்கக் கூடாது. மணியை அடி, மாஸ்க் போட்டவனைக் கூப்பிடு, வேறு எவனையும் இறங்க விடாதே. ஆசைப்பட்டு இறங்கினால் பிணம்தான் ஒன்று கூடும்.

பிடிவாதக்காரன் வேண்டும் என்று தேடித்தான் சங்கம் இவரை நிறுத்தியது. அதற்குப் பிறகு அந்தப் பெரிய தொட்டியில் ஒரு உயிர் போகவில்லை.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அது நிரந்தரத் தொழிலாளிகளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்க்க வேண்டும் என்று சங்கம் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் தொண்டை வற்றக் கேட்டது. அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். அடுத்த தடவையும் அதையேதான் சொன்னார்கள்.

மூடியின் மாப்பிள்ளை காண்ட்ராக்ட் ஆள்.

மகள் தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளை. வந்த புதிதில் இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை விட்டால்தானே! ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாமனாருக்கு முடிவெட்டி விடுவது, அத்தைக்குக் காய் நறுக்கிக் கொடுப்பது, நடுவில் பெண்டாட்டியை வம்புக்கு இழுப்பது என்று வீட்டையே ஒரு வழி பண்ணிவிடுவார். மகளின் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்கும். இவரும் கரைந்துபோனார். தன் பையன் என்றே நினைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒன்றே ஒன்றில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது.

"கயிறு கட்டாம இறங்காதீங்க மாப்ளே. சொல்லிட்டேன்."

"கயிறு கேட்டா, வீட்டுக்குப் போய் ஊஞ்சல் கட்டி ஆடுங்கிறான் மாமா அந்த மேஸ்திரி."

"அப்ப சங்கத்துல வந்து சொல்லுங்க."

"சங்க ஆபீஸ் வாசல்ல என் செருப்பப் பாத்தாலே மறுநாள் வேலை இருக்காது. நீங்க கவலப்படாதீங்க மாமா, நாங்க சின்னத் தொட்டியிலதான இறங்குறோம்."

சின்னத் தொட்டியாம். விஷக்காற்றுக்குச் சின்னது பெரியது தெரியுமா?

அன்றைக்கு மூடி பெரிய தொட்டியின் வேலையை முடித்துவிட்டு டீக்கடைப் பக்கம் போயிருந்தார். சின்னத் தொட்டியில் பம்ப் குழாய் அடைத்துக்கொண்டது. "ஒரு நிமிஷ வேலைடா, இதுக்கெல்லாம் புளோயரா?" என்று சூப்பர்வைசர் விரட்ட, மாப்பிள்ளை இறங்கிவிட்டார். கயிறு கிடையாது. கூட நின்றவர்கள் இரண்டு பேர், நெட்டை என்கிற உயரமானவனும் அவன் கூட்டாளியும். அவர்கள் போட்ட கூச்சலில்தான் இவர் டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

வந்து பார்த்தால் நெட்டை ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான். இவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். எழுந்து வந்தவனைக் கன்னத்தில் அறைந்தார். "மணிய அடிடா! மாஸ்க் ரூமுக்கு ஓடுடா!" என்று கூட்டாளியை விரட்டிவிட்டு, தொட்டி வாயில் காலை அகட்டிக்கொண்டு மறித்து நின்றார். குனிந்து பார்த்த பிறகுதான் உள்ளே கிடப்பது யார் என்று தெரிந்தது.

மாப்பிள்ளை சேற்றில் இடுப்பளவு புதைந்து, சுவரில் சாய்ந்து கிடந்தார். இவர் கயிற்றை வீசினார். கயிறு அவர் கைமேலேயே விழுந்தது. கை அதை மூடிப் பிடிக்கவில்லை. திரும்ப இழுத்து வீசினார். அப்போதும் பிடிக்கவில்லை. ஏணி இவர் காலடியில்தான் இருந்தது. எட்டிக் காலை வைத்தால் இறங்கிவிடலாம். இவர் இறங்கவில்லை. இறங்கினால் தனக்குப் பின்னால் நெட்டையும் இறங்குவான் என்று தெரியும். நின்றார். மாஸ்க் போட்டவர்கள் ஆலையின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வரும்வரை நின்றார்.

அவர்கள் தூக்கியபோது மூச்சு இல்லை.

மகளிடம் இவர்தான் போய்ச் சொன்னார். "இறங்கினதுமே மயங்கிட்டாரு பாப்பா. ஒன்னும் தெரிஞ்சிருக்காது" என்றார். "நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள். "மேல" என்றார். அவள் கத்திய கத்தல் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டது. "மேல நின்னு பாத்துக்கிட்டா இருந்தீங்க? ஊரான் பிள்ளைன்னுதான விட்டீங்க? உள்ள நான் கிடந்திருந்தா இறங்கியிருப்பீங்கல்ல?" அன்றைக்குச் சாத்திய கதவை அவள் இவருக்குத் திறக்கவே இல்லை.

சங்கம் மறுபடியும் ஆலையை நிறுத்தியது. இந்தத் தடவை நிரந்தரமும் காண்ட்ராக்ட்டும் ஒன்றாக வாசலில் உட்கார்ந்தார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. யார் இறங்கினாலும், எந்தத் தொட்டி ஆனாலும், கயிறும் புளோயரும் வாயில் ஆளும் வேண்டும் என்று கையெழுத்தானது. சூப்பர்வைசரை வேலையை விட்டு நீக்கினார்கள். கூட்டத்தில் இவரை மேடைக்குக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார் சங்கச் செயலாளர். "உங்களால ரெண்டு குடும்பம் தப்பிச்சதுண்ணே."

"என்னைய விட்டுடுங்க தோழரே" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். இதே கையெழுத்தைப் போன வருஷம் போட்டிருந்தால் என்ன கேடு வந்திருக்கும்!

மனைவி தினமும் மகள் வீட்டுக்குப் போய் வருவாள். வந்ததும் இவர் அவள் முகத்தைப் பார்ப்பார். "சாப்பிட்டா" என்பாள். "என்னையப் பத்தி?" என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். 'வாங்கப்பா' என்று மகள் ஒரு தரம் கூப்பிட்டால் போதும், செத்தாலும் நிம்மதியாகச் சாவேன் என்று மனைவியிடம் சொல்லி அழுதார்.

ஒரு நாள் சாயங்காலம் மகளே வந்தாள். மெலிந்து பாதியாகிவிட்டிருந்தாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நெட்டை சம்சாரம் வீட்டுக்கு வந்தாங்கப்பா. காலப் பிடிச்சிக்கிட்டு அழுதாங்க. உங்கப்பா அடிச்ச அடியாலதான் என் தாலி தங்குச்சுன்னாங்க."

இவர் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அவரு உடனே மயங்கலியாமே. கூப்பிட்டாராமே. நிஜமா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதற்கு மேல் அவளிடம் பொய் சொல்லத் தெம்பில்லை.

"கூப்பிட்டாரு பாப்பா. மாமா மாமான்னு கூப்பிட்டாரு. என்னையப் பாத்துட்டுதான் கூப்பிட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இதோ வர்றேன் மாப்ளேன்னேன்." குரல் உடைந்து அழுதார். "போக மாட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டே சொன்னேன். அவரு பயந்துடக் கூடாதேன்னு சொன்னேன் பாப்பா. வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

மகளும் அழுதாள். வெகுநேரம் அழுதாள். இவர் கையை நீட்டி, அவள் தலையைத் தொடப் பயந்து, இழுத்துக்கொண்டார்.

"நம்பியிருப்பாருப்பா" என்றாள் அவள். "நீங்க ஒன்னு சொன்னா செய்வீங்கன்னு என்கிட்ட எப்பவும் சொல்லுவாரு. நீங்க வர்றீங்கன்னு நம்பிக்கிட்டேதான் போயிருப்பாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நிலைப்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க செஞ்சது தப்பில்லப்பா. நெட்டையோட பிள்ளைங்களப் பாக்கும்போது எனக்கே அது புரியுது. இறங்கியிருந்தா உங்களையும் சேத்துத்தான் தூக்கிட்டு வந்திருப்பாங்க. ஆனா உங்க முகத்தப் பாத்தா அவரு கூப்பிட்டதுதான் இனிமே எனக்குக் கேக்கும். என் வீட்டுக்கு வராதீங்கப்பா."

"சரி பாப்பா" என்றார் அவர்.