சித்தி வீட்டு நட்சத்திரம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி செய்திருந்தார்கள். நடுவில் என் உயரத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம். மரத்தடியில் சிவப்புச் சட்டைத் தாத்தா பொம்மை ஒன்று இடுப்பை ஆட்டிக்கொண்டே இருந்தது. சித்தி என் கையை விடாமல், நெற்றி கண்ணாடியில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். உள்ளே ஏசி ஓடியதால் குளிர்ந்திருந்த கண்ணாடி அவள் மூச்சு பட்டு மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். நடுநடுவே திரும்பித் தெருவையும் பார்த்துக்கொண்டாள். அந்தப் பார்வைக்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் அப்பா கடைத்தெருவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் வேனில் திருவண்ணாமலைக்கு ஜவுளிக்கடை வேலைக்கு வந்துகொண்டிருந்தவள், அந்த வேனை ஓட்டியவரையே கல்யாணம் செய்துகொண்டாள். அந்தச் சித்தப்பா கிறிஸ்தவர். அது மட்டும் என்றால் அப்பா ஒருவேளை நாலு மாதம் முறைத்துவிட்டு விட்டிருப்பார். தாத்தா இறந்த பிறகு சித்தியின் கல்யாணத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, செங்கத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி, நிச்சயத்துக்கு நாளும் குறித்தவர் அவர். சித்தி போன மறுநாள் அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு நேரே போய், முற்றம் நிறைய ஆட்கள் பார்க்க, கையைக் கட்டிக்கொண்டு நின்று பதில் சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "இனிமே அவ பேச்சை இந்த வூட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்றார். மூன்று வருடம் யாரும் எடுக்கவில்லை, அவர் காது கேட்க.

அவர் காதுக்கு எட்டாமல் அம்மா எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஜவுளிக்கடை வாசலில் இரண்டு நிமிஷம், காய்கறிக் கடையில் ஐந்து நிமிஷம் என்று அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்வார்கள். அந்த டிசம்பரில்தான் சித்தி ஊருக்கு வெளியே, முன்பக்கம் தகர ஷீட் இறக்கிய ஒற்றை அறை வீடொன்றுக்குக் குடிவந்திருந்தாள். அவளுடைய மாமியார், மகனின் கல்யாணத்தை ஏற்றுக்கொள்ளாமல் வேலூரிலேயே இருந்தவர். என்ன நினைத்தாரோ, கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். "ஜனமே இல்லாத பொண்ணு, அதுக்கு நம்ம பண்டிகை பத்தி என்ன தெரியும்" என்று யாரிடமோ சொன்னது சித்தியின் காதுக்கும் வந்திருந்தது. அதனால் அந்த ஒற்றை அறையைப் பார்த்ததும் மாமியார் வாய் திறக்க முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. கையில் இருந்ததோ முந்நூறு ரூபாய். அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று மத்தியானம் அம்மா என்னைப் பள்ளிக்கூட வாசலிலேயே சித்தியிடம் ஒப்படைத்தாள். "நாலு மணிக்குள்ள வந்துடணும். அப்பா கேட்டா ஃப்ரெண்டு வூட்டுக்குப் போனேன்னு சொல்லு." தான் போக முடியாத இடத்துக்குத் தன் பங்காக என்னை அனுப்பினாள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

அந்தப் பெரிய ஃபேன்சி கடைக்குள் சித்தி ராணி மாதிரி நுழைந்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வெள்ளி மணி, கண்ணாடி உருண்டை, தங்க நிற மான். "இது எவ்ளோங்க?" என்று கேட்டுவிட்டு, விலையைக் கேட்டதும் முகம் மாறாமல் தலையை மட்டும் ஆட்டுவாள். ஐந்தாவது தடவை கடைக்காரப் பையன், "எடுக்கறதா இருந்தா சொல்லுங்கக்கா" என்றான். "பார்க்காம எப்படிப்பா எடுக்கறது?" என்று சிரித்தாள். வெளியே வந்ததும் என் காதில், "நல்லா பார்த்துக்கிட்டியா பாப்பா? ஜிகினா மாலை எப்படிக் கட்டியிருக்கான், உருண்டை எத்தனை இருக்கு, எல்லாம் ஞாபகம் வச்சுக்கோ. இதே மாதிரி செய்யப் போறோம்" என்றாள்.

செய்தும் காட்டினாள். தேரடித் தெருவில் சாமி அலங்காரச் சாமான் விற்கும் கடையில், ஃபேன்சி கடையில் பார்த்த அதே ஜிகினா மாலை பாதி விலைக்குத் தொங்கியது. "பிள்ளையாருக்குப் போட்டா கம்மி, மரத்துக்குப் போட்டா ஜாஸ்தியா?" என்று அவள் கேட்டதற்குக் கடைக்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார். பிளாஸ்டிக் பந்துகளும் தங்கத் தாளும் வாங்கினோம். பந்தைத் தாளில் சுற்றினால் உருண்டை. மரத்துக்குச் சவுக்குக் கிளை சித்தப்பா கொண்டுவருவார். நடைபாதையில் சிவப்புக் காகித நட்சத்திரம் ஒன்றை, ஒரு முனை நசுங்கியிருந்ததைக் காட்டி விலை குறைத்து வாங்கினாள். மலைக்கு மேல் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. "போலாம் சித்தி" என்றேன். "சீரியல் லைட்டு ஒண்ணுதான். வாங்கிட்டு ஓடிடலாம்" என்றாள்.

அங்கேதான் தவறு நடந்தது. என் அப்பா எலக்ட்ரீஷியன். கல்யாண மண்டபத்துக்கும் திருவிழாவுக்கும் சீரியல் லைட் கட்டுபவர். ஒயர் வாங்க அவர் வருவதும் அந்தத் தெருவுக்குத்தான். கோணியை விரித்து லைட் விற்றுக்கொண்டிருந்தவரிடம் சித்தி ஒரு லைட் கட்டைக் கையில் எடுத்த அதே நேரம், எதிர்க் கடையிலிருந்து தோளில் ஒயர் சுருளோடு அப்பா இறங்கினார்.

முதலில் என்னைப் பார்த்தார். பள்ளிச் சீருடையில், கையில் காகித நட்சத்திரத்தோடு நின்ற என்னை. பிறகு சித்தியை. நட்சத்திரத்தால் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்த்தேன். சித்தி என் கையைப் பிடித்திருந்த பிடி வலித்தது. அப்பா தெருவைக் கடந்து வந்தார். அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் பார்வை அதற்குள் சித்தியின் முகத்திலிருந்து அவள் கையிலிருந்த லைட் கட்டுக்கு இறங்கியிருந்தது.

"எங்க கட்டப் போற இதை?"

மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வூட்டு முன்னாடி, மாமா. தகர ஷீட்டு இருக்குது, அதுல" என்றாள் சித்தி.

"கீழ வை." கட்டை அவள் கையிலிருந்து பிடுங்கி, லைட் விற்றவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "இன்னாய்யா இது? ஜாயின்ட்டுல எல்லாம் செல்லோ டேப்பு சுத்தி வச்சிருக்க? கம்பி வெளிய தெரியுது. தகரத்துல பட்டா வூடே ஷாக் அடிக்கும். உள்ள இருக்கறவங்க கதி?"

"எல்லாரும் இதாங்க வாங்கறாங்க" என்று லைட் விற்றவர் முனகினார்.

அப்பா கட்டைக் கோணியில் போட்டுவிட்டு, என் கையிலிருந்த நட்சத்திரத்தை வாங்கிச் சித்தியிடம் கொடுத்தார். என் மணிக்கட்டைப் பிடித்து வண்டியை நோக்கி இழுத்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வீடு வந்ததும் வாசலிலேயே நின்ற அம்மாவிடம், "உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். ஏதாவது பொய் சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். "நான்தான் அனுப்பினேன்" என்றாள் அம்மா. "அவளும் என் கூடப் பொறந்தவதானே. எத்தினி நாளைக்கு நான் ஒளிஞ்சு ஒளிஞ்சு பார்க்கறது?" அப்பா ஒயர் சுருளை வாசலில் இறக்கி வைத்தார். பிறகு உள்ளே போய்க் கருவிப் பையை எடுத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். அம்மா வைத்த காபி அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. "எங்கம்மா போறாரு?" என்றதற்கு, "தெரியலையே, பாப்பா" என்றாள். சண்டைக்குத்தான் போயிருக்கிறார் என்று இருவருமே பயந்தோம். விளக்கு வைத்த பிறகு வந்தார். கை கால் கழுவினார், சாப்பிட்டார். எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அம்மா என்னை இழுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்கு ஓடினாள். தகர ஷீட்டின் ஓரமாக, தகரத்தில் படாமல் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் சீரியல் லைட் கட்டியிருந்தது. அப்பா கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் செட்டுகளில் மிக நல்லது அது. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் புதுக் கறுப்பு டேப். அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போன டிசம்பரில் நானும் சித்தியும் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். இப்போது அங்கே ஏழெட்டு ஃபேன்சி கடைகள், வாசலிலேயே ஆள் உயர மரங்கள். சித்தி இப்போது எதையும் வாங்கலாம். ஆனாலும் விலை கேட்டுக் கேட்டுத் தலையைத்தான் ஆட்டினாள். லைட் வரிசைக்கு முன்னால் வந்ததும் நான், "அன்னிக்கு அப்பா வந்தப்போ உன்கிட்ட என்னதான் பேசினாரு?" என்று கேட்டேன். இத்தனை வருடமாக அம்மாவும் நானும் கேட்காமல் விட்ட கேள்வி.

"என்கிட்ட எங்க பேசினாரு? வூடு எதுன்னு விசாரிச்சுக்கிட்டு வந்து நின்னாரு. ஸ்டூல் கேட்டாரு, கொடுத்தேன். உள்ள வாங்க மாமான்னேன், வரலை. ஏறி வேலை செஞ்சுக்கிட்டே இருந்தாரு. அப்போதான் எங்க மாமியார் பஸ்ஸை விட்டு இறங்கிப் பையோட வந்து நிக்கறாங்க. மேல பார்த்துட்டு, யாரும்மா இது, கரண்டுக்காரரான்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. ஆமான்னு சொல்லிட்டா உங்கப்பாவுக்கு வலிக்கும், சொந்தம்னு சொன்னா கோச்சுக்குவாரு."

சித்தி தொங்கிய லைட் சரமொன்றின் ஜாயின்ட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஸ்டூல் மேல இருந்து திரும்பக்கூட இல்லை, பாப்பா. வாயில இருந்த ஸ்க்ரூவை எடுத்துட்டு, நான் இவ அக்கா வூட்டுக்காரனுங்க, வாங்க, பிரயாணமெல்லாம் சௌகரியமான்னு கேட்டாரு."