பல்லுக்கொழுக்கட்டையும் பஸ் நேரமும்

போன வருடம் ஆவணி மாதம், மாத்தளையில் எங்கள் வீட்டு ஹோலில் நடந்தது இது. பேரனுக்கு முதல் பல் முளைத்திருந்தது. யாழ்ப்பாணத்து வழக்கப்படி பல்லுக்கொழுக்கட்டை கொட்ட ஏற்பாடு செய்தோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டை, அதாவது சின்னக் கீற்றுகளை, பல் மாதிரிக் குத்திய சின்னக் கொழுக்கட்டைகளை அதில் கொட்டுவோம். பிறகு புத்தகம், பேனை, சங்கிலி, கத்தி என்று சில சாமான்களைத் தட்டில் வைத்துப் பிள்ளைக்கு முன்னால் வைப்போம். அவன் எதைத் தூக்குகிறானோ அதுதான் அவனுடைய எதிர்காலம். விண்ணப்பமும் நேர்முகப் பரீட்சையும் இல்லாமல் நம் ஆட்கள் வழங்கும் ஒரே நியமனம் இதுதான்.

அன்று காலை மருமகள் என்னிடம் தனியாக வந்தாள். யட்டவத்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், கணித ஆசிரியை. குரலை உயர்த்தவே இல்லை.

"மாமா, இன்னைக்கும் பெரியமாமி ஏதாவது சொன்னாங்கன்னா, இனிப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் இங்க வரமாட்டேன். கோபம் இல்ல மாமா. முடியல."

பெரியமாமி என்றால் என் அக்கா. கொழும்பில் இருக்கிறார். விசேஷங்களுக்கு இரண்டு நாள் முன்பே வந்து நிர்வாகத்தைப் பொறுப்பேற்பவர். மகனுடைய கல்யாணத்திலேயே அவர் தொடங்கிவிட்டார். "பெட்டையைப் பார்த்தால் தோட்டமெண்டு தெரியவே தெரியாது" என்று ஊரெல்லாம் மெச்சினார். தோட்டத்து ஆட்கள் ஒரு படி கீழ் என்ற கணக்கில் வந்த பாராட்டு அது. பிறகு மருமகளின் பேச்சு, அவள் வைக்கும் குழம்பு, பிள்ளையின் நிறம் என்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு சிரிப்பு, "பகிடிக்குச் சொன்னனான்" என்று ஒரு முத்திரை.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். அரச சேவையில் ஒழுக்காற்று விசாரணைகள் நடத்தியே தலை நரைத்தவன் நான். அக்காவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். தொலைபேசியில் நீண்ட விரிவுரை செய்தேன். சமத்துவம் பற்றி நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நீ பென்சன் எடுத்தாப்பிறகு கனக்கக் கதைக்கிறாய்" என்றார். என் மனைவியோ, "உங்கட அக்கா, நீங்களே பாருங்கோ" என்று விசாரணைக் கோப்பை என் மேசைக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.

இதில் என்னை மிகவும் வதைத்தது சம்பந்தியின் நடத்தை. அவர் கோபிக்கமாட்டார், பதிலும் சொல்லமாட்டார். அக்காவின் வாயிலிருந்து ஏதாவது விழுந்த அடுத்த கணம் அவருக்கு பஸ் ஞாபகம் வந்துவிடும். "பஸ் போயிருங்க" என்று எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, மனைவியோடு படியிறங்கிவிடுவார். அதுவரை எங்கள் வீட்டில் அவர் முழுச் சாப்பாடு சாப்பிட்டதே இல்லை.

அன்றைக்கும் கொழுக்கட்டை கொட்டி முடிந்தது. அக்கா தட்டை அடுக்கிக்கொண்டு வந்து வைத்தார். பழம் வெட்டும் சின்னக் கத்தியைத் துணியில் சுற்றி, பிடி மட்டும் தெரிய வைத்தவரும் அவர்தான். பேரன் புத்தகத்தைத் தள்ளினான், சங்கிலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, நேராகக் கத்திப் பிடியைப் பற்றினான்.

"பாத்தியளே!" என்று அக்கா கையைத் தட்டினார். "தாய்ப் பக்கத்து ரத்தமெல்லோ! தேயிலை கவ்வாத்து வெட்டப் போறான்."

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கத்தியால் கத்தரித்துவிடும் தோட்டக் கூலி வேலை. வந்திருந்த உறவினர் இரண்டு பேர் சிரித்தார்கள். மருமகள் பிள்ளையின் கையிலிருந்து கத்தியை மெதுவாக வாங்கினாள். பிறகு பிள்ளையின் பையைத் தேடத் தொடங்கினாள். சம்பந்தி கொழுக்கட்டைத் தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, "பஸ் போயிருங்க" என்று எழுந்தார்.

யாரையும் குற்றம் சாட்டுவதற்கு முன் அவரிடம் விளக்கம் கோர வேண்டும். சேவையில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரிந்த விதி. அக்கா விஷயத்தில் எத்தனையோ தீர்ப்புச் சொன்ன நான், விளக்கம் மட்டும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, எனக்கு விளங்கேல்லை. இதில சிரிக்க என்ன இருக்கு?"

"சும்மா பகிடிக்குச் சொன்னனான்."

"பகிடியெண்டு தெரியும். அந்தப் பகிடியை விளங்கப்படுத்துங்கோ. நானும் சிரிக்கிறன்."

"இதென்ன, கோட்டில விசாரிக்கிற மாதிரி?"

"உங்கட பேரனும் பல்லுக்கொழுக்கட்டைக்குக் கத்தியைத்தானே தூக்கினவன். ஒப்பரேசன் செய்யிற டொக்டராய் வருவான் எண்டு நீங்கள் கனடா வரைக்கும் கோல் எடுத்துச் சொன்னீங்கள். அவன் தூக்கினால் டொக்டர், இவன் தூக்கினால் கவ்வாத்தோ? கத்தி ஒண்டுதானே அக்கா. வித்தியாசம் எதில?"

அக்கா தட்டிலிருந்த சாமான்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார். பதில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சத்தமாகச் சொல்லத்தான் அவரால் முடியவில்லை. சிரித்த இருவரும் கொழுக்கட்டையிலிருந்த தேங்காய்ச் சொட்டை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்கள். விளக்கம் வரும் வரை காத்திருப்பதுதான் நடைமுறை.

"இனி உன்ர வீட்டில தண்ணியும் குடிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு அக்கா உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பின்னேரம் தேத்தண்ணி கேட்டார், சீனி குறைவு என்றும் சொன்னார்.

அக்கா திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க எனக்கு வெளிநாட்டு உறவினரின் அழைப்புகள். வயதுபோன மனுசியைச் சபையில் வைத்து அவமானப்படுத்தலாமா, விட்டுக்கொடுத்திருக்கலாம்தானே என்று ஒவ்வொருவராக எனக்கு அறிவுரை. இத்தனை வருடமாக அந்தப் பெண்ணைச் சபையில் வைத்துச் சொன்னபோது இவர்களில் ஒருவருக்கும் தொலைபேசி வேலை செய்யவில்லை. இப்போது அக்கா வந்தால் சமையலைக் குறை சொல்கிறார், என் நடையைக் குறை சொல்கிறார். மருமகளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. யாராவது விளக்கம் கேட்டுவிடுவார்கள் என்ற பயம். எனக்கு அது போதும்.

ஆனால் அன்று கதவு சாத்தப்பட்ட பிறகு நடந்ததுதான் மனதில் நிற்கிறது. மருமகள் கையில் எடுத்த பையைத் திரும்பக் கொழுவியில் மாட்டினாள். சம்பந்தி படியருகே நின்று மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலிக்கு அடியிலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அடுத்த பஸ்ல போகலாம்" என்று மனைவியிடம் சொன்னார். அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போதும் வீட்டுக்கு வந்தவர் யாராவது திடீரென்று பஸ் நேரம் விசாரித்தால், சற்று முன் அந்த ஹோலில் யார் என்ன சொன்னார்கள் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.