சோமாசி மடிப்பு வைத்த சமோசா

அறுபதுகளின் கடைசி. கல்யாணமாகி நான் கல்கத்தா போன புதிது. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஆபீசர். அந்த நாளில் அந்த ஊரில் 'கெராவ்' என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தொழிலாளர்கள் ஆபீசரைச் சுற்றி வளைத்து உட்கார்ந்துவிடுவார்கள். கோரிக்கைக்குப் பதில் வரும்வரை மனிதர் அறையை விட்டு நகர முடியாது. தினமும் பேப்பரில் படித்து உச்சுக்கொட்டுவேன். நம் வீட்டுக்கும் வரும் என்று நினைத்ததில்லை.

ஒரு கோடை நாள், மத்தியானம் கொடுத்தனுப்பிய சாப்பாட்டுக் கேரியர் திறக்கப்படாமலே திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் அவருடைய ஆபீஸ் கிளார்க், தமிழர். கம்பெனி நான்கு பேரை வேலையை விட்டு எடுத்துவிட்டதாம். அதற்காகத் தொழிலாளர்கள் என் கணவரை வளைத்துக்கொண்டார்களாம். அறையில் ஃபேனைக்கூட நிறுத்திவிட்டார்களாம்.

"வீட்டுச் சாப்பாடு எதையும் உள்ளே விடலம்மா. டீயும் ஷிங்காடாவும் மட்டும் தொழிலாளிங்களுக்குப் போய்க்கிட்டே இருக்கு" என்றார்.

ஒரு வேளை பட்டினி அவருடைய தொந்திக்கு நல்லதுதான். ஆனால் அவருக்கு ரத்தக்கொதிப்பு. முந்தின மாதம்தான் மாடிப்படியில் மயங்கி விழுந்து பிழைத்திருந்தார். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அந்த மாத்திரைப் புட்டி எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது.

அப்போதுதான் என் மூளை கோணலாக வேலை செய்தது. ஷிங்காடா என்றால் வேறொன்றுமில்லை, சமோசாதான். கீழ்வீட்டு பௌதி (அங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். எல்லோருக்குமாகச் செய்துகொண்டு போவது, அதில் ஒன்றுக்குள் மாத்திரையை ஒளித்துவிடுவது!

மைதாவில் நெய் விட்டுப் பிசிறிக் கெட்டியாகப் பிசைந்தேன். உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, வேர்க்கடலையோடு வதக்கினேன். வட்டமாக இட்டு, பாதியாக வெட்டி, கூம்பாகச் சுருட்டி, நிரப்பி, ஓரத்தை ஒட்டினேன். எண்ணெய் ரொம்பக் காய்ந்துவிட்டால் மேலே சிவந்து உள்ளே மாவாக நின்றுவிடும் என்று பௌதி சொன்னது நினைவிருந்ததால், அவசரத்தை அடக்கிக்கொண்டு இளஞ்சூட்டிலேயே பொரித்தேன். ஒன்றுக்கு மட்டும், தீபாவளிக்குச் சோமாசிக்கு வைப்போமே, அந்த முறுக்கு மடிப்பை ஓரத்தில் வைத்தேன். அவர் பார்த்ததும் புரிந்துகொள்வார் என்று கணக்கு. ஆறியதும் அதன் அடியைக் கத்தி நுனியால் கீறி, தாளில் சுற்றிய மாத்திரையை நுழைத்து, மைதாப் பசையால் மூடினேன். மற்ற மாத்திரைகளைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

கிளார்க் தொழிற்சாலை வாசல் வரை துணைக்கு வந்தார். அப்புறம் ஆளையே காணோம்! நானே டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நடை முழுக்க ஆட்கள். "சொல்பே நா! சொல்பே நா!" என்று சுவர் அதிர்ந்தது. நடக்காது, நடக்காது என்று அர்த்தம். திறந்திருந்த கதவு வழியாக என் கணவர் தெரிந்தார். சட்டை உடம்போடு ஒட்டி, முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

கதவருகே ஒல்லியாக, உயரமாக ஒருவர் நின்று கோஷத்தை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. எல்லோருக்கும் கொண்டுவந்திருக்கிறேன், சாஹேபுக்கும் ஒன்று கொடுக்க வேண்டும் என்று அரைகுறை வங்காளத்தில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்தார். அத்தனையிலும் கண்ணைப் பறித்தது எது? நான் பார்த்துப் பார்த்து மடித்ததுதான். அவர் கை நேராக அதற்கே போனது.

"ஐயோ, அது வேண்டாம்!" என்று தமிழிலேயே கத்தி, அந்த மனிதரின் கையைப் பிடித்துவிட்டேன்.

கோஷம் தேய்ந்தது. "இதில் மட்டும் என்ன?" என்றார் அவர். "விஷமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கு வங்காளம் முழுவதும் மறந்துபோனது. "மாத்திரை... ப்ரெஷர்... அவருக்கு" என்று அழுதுவிட்டேன்.

அவர் சமோசாவை இரண்டாகப் பிட்டார். தாளைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டோமா, பௌதி?"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவர் கையை உயர்த்தினார். நடை முழுக்கக் கோஷம் நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வழிவிட்டார்கள். உள்ளங்கையில் மாத்திரையும், மறு கையில் பானைத் தண்ணீருமாக அவர் நடந்து போனார். அத்தனை பேர் இருந்த இடத்தில் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. என் கணவர் வாங்கி விழுங்கினார். "இறங்கிவிட்டதா, சாஹேப்?" என்று கேட்டார் அவர். இவர் தலையாட்டினார்.

அவ்வளவுதான். அவர் திரும்பினார், கையை வீசினார். "சொல்பே நா!" என்று மறுபடி சுவர் அதிர்ந்தது. ஃபேனையும் போடவில்லை! சமோசாவை மட்டும் பிட்டுப் பிட்டுக் கடைசி ஆள் வரை கொடுத்தார்கள். நான் கிளம்பும்போது அவர் அருகில் வந்து, "நாளைக் காலைக்கு?" என்று கை நீட்டினார். முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையைக் கொடுத்தேன். சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பேச்சுவார்த்தை முடிந்து என் கணவர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "காலைல அந்த ஆள்தான் எழுப்பி மாத்திரை கொடுத்தான். கொடுத்துட்டு என் எதிர்லயே நின்னு என்னை ஒழிகன்னு கத்தினான்" என்றார்.

தங்கள் நியாயத்தில் ஒரு நூல்கூட அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் உயிரையும் கைவிடவில்லை. இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இன்றும் யாரோடாவது மல்லுக்கு நிற்க வேண்டி வந்தால் நிற்கத்தான் செய்கிறேன். ஆனால் எதிரே இருப்பவர் வேளைக்கு மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான்.