கீழ்க்கணக்குக் கதிரைகள்

காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் மரண உதவிச் சங்கத்து ராயப்பன் அழைத்தார். "சேர், அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க." கொஞ்சம் அழுதார். பிறகு, "கதிரை எடுக்கணும் சேர். சாவி அக்காகிட்டத்தான் இருந்துச்சு. எங்க வச்சாங்கன்னு தெரியல்ல" என்றார். பிலோமினா அக்காவை அறிந்த உங்களுக்கு இதைக் கேட்டால் அழுகையோடு சிரிப்பும் வரும். நம்மிடையே எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வாசலுக்கு வருவது, வருகிறவர்கள் உட்கார அவர் அனுப்பும் கதிரைகள்தான். அவருடைய சாவுக்குக் கதிரை இல்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டிக்கு அருகே திகனப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவாக இருந்தது கீழ்க்கணக்கு. தோட்டம் மூடப்பட்டபின் தொழிலாளர் லயங்களில் இருந்தவர்கள் சிறு வீடுகள் கட்டி அதை ஊராக்கினார்கள். பிறகு சுற்றியிருந்த காணி துண்டு துண்டாக விலைபோய், என்னைப் போன்றவர்கள் மாடி வீடுகளோடு வந்து சேர்ந்தோம். இன்று பஸ் கண்டக்டருக்கு எல்லாம் ஒரே வீட்டு 'ஸ்கீம்'தான். பழைய பெயர் மரண உதவிச் சங்கத்தின் பிளாஸ்டிக் கதிரைகளின் முதுகில் மட்டும், 'கீ.க.' என்று சிவப்புப் பெயின்ற்றில் மிஞ்சியது. அதற்காக யாராவது மூக்கைச் சிந்தினால் அக்காவுக்குப் பிடிக்காது. "ஊர் எங்கயும் போயிறல்ல. பெருத்துப்போச்சு, அவ்வளவுதான். நோயாளியத் தூக்கிக்கிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடினது போதும். இப்ப வாசல்ல ஓட்டோ வருது" என்பார்.

நாங்கள் குடிவந்த புதிதில் என் அம்மா காலமானார். யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் வந்து சேர மறுநாள் ஆகும். "இஞ்ச எங்களுக்கு ஆரைத் தெரியும்? ஆர் வரப்போகினம்?" என்று என் மனைவி அழுதுகொண்டிருந்தபோது ஒரு சிறிய லொறி வாசலில் நின்றது. சேலையை இழுத்துச் செருகிய கட்டையான பெண்ணொருவர் இறங்கி, கேட்காமலே கதிரைகளை இறக்கத் தொடங்கினார். நாங்கள் சங்கத்தில் இல்லையே என்றேன். "நீங்க சங்கத்துல இல்ல, சரி. வர்றவங்களுக்குக் கால் வலிக்காதா சேர்?" என்றார். வருகிறவர்களையும் அவரே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வரவழைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. 'கீ.க.' என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். சிரிக்காமலே, "கீழ உக்காராம கதிரையில உக்காருங்கன்னு அர்த்தம்" என்றார்.

மாடி வீட்டுக்காரர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று அவர் எழுந்து சொன்ன கூட்டம் சண்டையில் முடிந்தது. "அவங்க சந்தா கட்டுவாங்க, சாவுக்கு வரமாட்டாங்க. கடைசில நம்ம கதிரையும் போயிரும்" என்றார்கள் பழையவர்கள். அக்கா விடவில்லை. அவர்களுடைய மனம் ஆற, கதிரை அறைக்கு ஒரு பெரிய ஆமைப்பூட்டு வாங்கிவந்து அடுத்த கூட்டத்தில் ஆட்டிக் காட்டினார். அன்றிலிருந்து சாவி அவரிடம். என்னைச் செயலாளராக்கியவரும் அவர்தான். ஒருமுறை என்னிடம், "கதிரை காணாமப்போனா வேற வாங்கலாம் சேர். சாவு வீட்டுல வெத்துக் கதிரையப் பார்த்தாத்தான் எனக்குத் தாங்க முடியல்ல" என்றார். பழையவர்கள் சொன்னதும் முழுப் பொய்யில்லை. புதிய வீடுகளில் பல சந்தா கட்டின. சாவுக்கு வந்தவர்கள் குறைவு. எல்லாரும் வருவார்கள் என்று அவர் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆகவே அக்கா போன அன்று காலை எனக்கிருந்த பயம் சாவியைப் பற்றியது மட்டுமல்ல, யார் வருவார்கள் என்பதும்தான். அக்காவின் வீட்டில் அலுமாரி, மாதா சொரூபத்தின் பின்பக்கம், அரிசி வாளி எல்லாம் தேடினோம். சாவி இல்லை. பூட்டை உடைக்கலாம் என்று ராயப்பன் அலவாங்கைத் தேடும்போது, முன்வீதி மாடி வீட்டு நிஸ்தார் நானா விஷயம் கேட்டார். "சாவி என்னத்துக்கு? ஊட்டுல கதிர ஈக்கிதுதானே" என்று திரும்பி நடந்தவர், சற்று நேரத்தில் இரண்டு கதிரைகளோடு வந்தார். அவரைப் பார்த்து மூலை வீட்டு குமாரி மிஸ் சாப்பாட்டு மேசைக் கதிரையொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அவர் எங்களோடு ஒரு வார்த்தை பேசி நான் அதுவரை கேட்டதில்லை. "அக்கா மட்ட ஹரி ஹொந்தய்" என்றார் சிங்களத்தில், அக்கா தனக்கு மிக நல்லவர் என்று. பிறகு யார் யாரோ வந்தார்கள். தேக்கு, பிரம்பு, பிளாஸ்டிக், யாரோ கொண்டுவந்த சில்லு வைத்த ஒஃபீஸ் கதிரை. அதில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் செபத்தின் நடுவே சரிவில் மெல்ல உருண்டு போனார். அக்கா இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார். பாதிரியார் வந்தபோது ஒரு கதிரையும் வெறுமையாக இல்லை. அழவேண்டிய இடத்தில் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நானும் ராயப்பனும் அலவாங்கோடு கதிரை அறைக்குப் போனோம். நிஸ்தார் நானாவும் தன் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார், அவற்றிலும் 'கீ.க.' போட்டு உள்ளே வைக்கச் சொல்லி. ஆடாமல் இருக்கட்டும் என்று நான் பூட்டைப் பிடித்தேன். அது கையோடு வந்துவிட்டது. பூட்டவே இல்லை. சும்மா மாட்டி வைத்திருந்தார். எப்போதும் அவரே முன்னால் போய்த் திறந்துவிடுவார் என்பதால் இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் ஊரில் இல்லாத நேரம் யாராவது இறந்தால் என்ன செய்வது என்று முன்பு அவரிடம் கேட்டிருக்கிறேன். "சாவு என்ன, சாவி கேட்டுக்கிட்டா வருது?" என்றார். பகிடி என்று நினைத்தேன். ராயப்பன் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார், அப்படியே அழுதார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பூட்டு. அறை இப்போது என் பொறுப்பில். பூட்டுக்கு எண்ணெய் போட்டு, துடைத்து, முன்போலவே மாட்டி வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. தேவைப்படும்போது என்னைத் தேட வேண்டாம். இழுத்தால் திறக்கும்.